சொல்லெல்லாம் தெரியும், பொருள்தான் பிடிபடவில்லை: ஆங்கில மரபுத்தொடர்கள் ஓர் எளிய விளக்கம்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை. பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் லோடு கொண்டுவந்த தம்பி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாலக்காட்டு டிரைவர் அவருக்குப் பழக்கமானவர்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எனிக்கு நல்ல பணி கிட்டி" என்றார். தம்பி முகம் மலர்ந்து, "ரொம்ப சந்தோசமுங்கண்ணா, எப்பச் சேரோணும்?" என்று கேட்டார்.

டிரைவர் அப்போதுதான் வண்டியில் எடை கூடிப்போனதற்கு அபராதம் கட்டிவிட்டு வந்திருந்தார். மலையாளத்தில் "பணி கிட்டி" என்றால் வசமாக மாட்டிக்கொண்டேன் என்று பொருள். வேலை கிடைத்ததைச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் பெரும்பாலும் "ஜோலி கிட்டி" என்பார்கள்.

தம்பியிடம் ஒரு குறையும் இல்லை. எனிக்கு, நல்ல, பணி, கிட்டி என்ற நான்கு சொற்களும் அவருக்குத் தெரியும். ஆனால் நான்கும் சேர்ந்து சொன்ன சேதி மட்டும் அவரிடம் வந்து சேரவில்லை. சாயங்காலங்களில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். என் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் தினமும் நேர்வது இதுவேதான். "டீச்சர், எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் பார்த்துட்டேன். வாக்கியம் மட்டும் புரியலை" என்று வந்து நிற்பார்கள். அகராதியை இன்னும் நாலு முறை புரட்டினாலும் அது புரியாது. ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

மரபுத்தொடர் என்றால் என்ன

முதலில் நம் வீட்டுச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். "அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்" என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். "அல்வா சாப்பிடுற மாதிரி வேலை" என்றால் சுலபமான, இனிப்பான வேலை. இரண்டிலும் ஒரே அல்வாதான். ஒன்று வயிற்றெரிச்சல், மற்றது கொண்டாட்டம். அப்படியானால் ஏமாற்றம் எங்கே இருக்கிறது? அல்வாவில் இல்லை, கொடுப்பதிலும் இல்லை. "அல்வா கொடு" என்ற முழுத் தொடரில் இருக்கிறது.

சொற்களின் பொருளைக் கூட்டினால் வராத ஒரு பொருள், தொடர் முழுவதற்கும் மொத்தமாக வழக்கில் நிலைத்துவிட்டால் அதை மரபுத்தொடர் என்கிறோம். காது குத்துவது, கம்பி நீட்டுவது, தண்ணி காட்டுவது, மண்ணைக் கவ்வுவது எல்லாம் இந்த வகைதான். நாம் நாள் முழுக்க இவற்றில்தான் பேசுகிறோம். பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் "கிக் த பக்கெட்" என்று ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வாளியை உதைப்பது. பொருளோ செத்துப்போவது. 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் லண்டன் தெருப்பேச்சைத் தொகுத்து வெளியிட்ட அகராதியிலேயே இது இருக்கிறது. வாளிக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. பழைய வட்டார வழக்கு ஒன்றில் "பக்கெட்" என்பது பன்றியைத் தொங்கவிடும் உத்தரத்தையும் குறித்தது, அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் இன்று இதைச் சொல்லும் ஆங்கிலேயர் யாரும் உத்தரத்தையும் நினைப்பதில்லை, வாளியையும் நினைப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், மரபுத்தொடர் பார்வைக்கு நாலு சொல், வேலையில் ஒரே சொல். பொருள் தேடும்போது அதை உடைக்கக் கூடாது.

உறைந்துபோன சொற்கள்

ஒரு தொடர் உண்மையிலேயே மரபுத்தொடர்தானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். "அல்வா கொடுத்தான்" என்பதை "ஜாங்கிரி கொடுத்தான்" என்று மாற்றினால் ஏமாற்றம் காணாமல் போய், கையில் ஒரு பலகாரம்தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் "பக்கெட்" என்ற இடத்தில் அதே வாளியைக் குறிக்கும் "பெய்ல்" என்ற சொல்லைப் போட்டால் சாவு போய்விடும், நிஜ வாளி வந்துவிடும். "வாளி அவரால் உதைக்கப்பட்டது" என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் அதே கதி. தண்ணீர் உறைந்து ஐஸ் கட்டியானதுபோல் இந்தச் சொற்கள் அந்த வரிசையிலேயே உறைந்துவிட்டன.

எல்லாத் தொடர்களும் ஒரே அளவில் உறைவதில்லை. "ஸ்பில் த பீன்ஸ்" என்றால் பீன்ஸைச் சிந்துவது. ரகசியத்தை வெளியே விட்டுவிடுவது என்று பொருள். இதில் சிந்துவது வெளிப்படுத்துவதற்கும், பீன்ஸ் ரகசியத்துக்கும் பொருந்திப் போகின்றன. நாமும் "உளறிக் கொட்டிட்டான்" என்கிறோம், அதே கொட்டுதல்தான். இப்படி உள்ளே கொஞ்சம் வெளிச்சம் உள்ள தொடர்களை ஓரளவு ஊகித்துவிடலாம். வாளி போன்றவற்றை ஊகிக்க முடியாது. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

மனம் இவற்றை எப்படி வைத்திருக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1979-இல் டேவிட் ஸ்வின்னி, ஆன் கட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பழக்கமான மரபுத்தொடரை, அதேபோன்ற சாதாரணத் தொடரைவிட ஆட்கள் விரைவாகவே அடையாளம் கண்டார்கள். சொல் சொல்லாகக் கட்டிப் பார்த்து, அர்த்தம் இடிக்கிறது என்று அப்புறம் வேறு பொருள் தேடுவதாக இருந்தால் அதிக நேரம் அல்லவா ஆகியிருக்க வேண்டும்? முழுத் தொடரும் ஒரே சொல்லைப்போல் மனதில் பதிந்து கிடக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். தாய்மொழிக்காரருக்கு இது ஒரு வேலையே இல்லை, புதிதாகக் கற்பவருக்கு மலையாகத் தெரிகிறது என்றால் காரணம் இதுதான்.

பழமொழியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

பழமொழி ஒரு முழு வாக்கியம். புத்தி சொல்லும், தனியாகவே நிற்கும். மரபுத்தொடர் வாக்கியத்தின் ஒரு துண்டு மட்டுமே. யார், யாரை, எப்போது என்று நாம்தான் நிரப்ப வேண்டும். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" பழமொழி, "காலை வாரிவிடு" மரபுத்தொடர்.

ஆங்கிலத்தில் "கிவ் அப்", "கிவ் இன்" போன்ற இரட்டை வினைகளையும் பலர் தனிப் பூதமாக நினைத்துப் பயப்படுகிறார்கள். வினையும் ஒரு சின்னச் சொல்லும் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருபவை அவை. நம்மிடமும் இது இருக்கிறது. "கண்டுபிடி" என்பதில் காண்பதும் பிடிப்பதும் தனித்தனியாக இல்லை. "விட்டுக்கொடு" என்பதில் யாரும் எதையும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. "கிவ் இன்" என்பதற்கு விட்டுக்கொடு என்பதைவிட நல்ல தமிழ் கிடையாது.

ஐஸ், சோப்பு, வெண்ணெய், காக்கா, குதிரை

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். காரியம் ஆக வேண்டி ஒருவரைப் புகழ்ந்து பேசுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். அதற்குத் தமிழில் ஐஸ் வைக்கிறோம், காக்கா பிடிக்கிறோம். எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டினால் அதே ஆள் "சோப்பிடல்லே" என்கிறார், சோப்புப் போடாதே என்று. ஆங்கிலத்தில் "பட்டர் அப்", அதாவது வெண்ணெய் தடவுவது. செயல் ஒன்று, படம் நாலு.

இப்போது ஐஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போய்ப் பாருங்கள். அங்கே "பிரேக் த ஐஸ்" என்றால் புது ஆட்களுக்கு நடுவே கூச்சத்தை உடைத்துப் பேச்சைத் தொடங்குவது. "புட் இட் ஆன் ஐஸ்" என்றால் ஒரு வேலையைத் தற்போதைக்குத் தள்ளி வைப்பது. இரண்டிலும் புகழ்ச்சியின் வாடைகூட இல்லை. குளிர்காலத்தில் ஆறும் துறைமுகமும் உறைந்துபோகும் நாட்டில், பனியை உடைத்துக்கொண்டு போனால்தான் படகு நகரும். நமக்கோ ஐஸ் என்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக அடிக்கும் பங்குனியில் தொண்டையைக் குளிர வைப்பது. அவர்களுக்கு ஐஸ் தடை, நமக்கு ஐஸ் சுகம். மரபுத்தொடர் அந்தந்த ஊரின் வெயிலையும் குளிரையும் சுமந்துகொண்டு வருகிறது.

அதே புகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் இன்னொரு தொடர் உண்டு, "கறி ஃபேவர்". இதைக் கேட்டதும் நம்மவர்கள் சிலர், "குழம்பு ஊத்திக் காரியம் சாதிக்கறதுங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். சாப்பிடும் கறி என்ற ஆங்கிலச் சொல்லே நம் தமிழ்க் கறியிலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. ஆனால் இந்தக் "கறி" வேறு. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இந்த வினைக்கு, குதிரையின் மேலைச் சீப்பால் தேய்த்துவிடுவது என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஒரு நையாண்டிக் கவிதையில் ஃபோவெல் என்று ஒரு குதிரை வருகிறது. வஞ்சகமும் முகஸ்துதியும் உருவெடுத்த குதிரை. பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லாம் சலுகை வேண்டி வரிசையாக வந்து அதைத் தேய்த்துவிடுகிறார்கள். ஃபோவெல் என்ற பெயர் ஃபேவல் ஆகி, "ஃபேவலைத் தேய்ப்பது" என்று அது ஆங்கிலத்துக்கு வந்தது. நாளடைவில் மக்கள் குதிரையை மறந்துவிட்டார்கள். ஃபேவல் என்றால் என்னவென்று தெரியாமல், காதுக்குப் பழக்கமான "ஃபேவர்" என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். சலுகை என்ற பொருளும் தோதாக ஒட்டிக்கொண்டது.

நம் காக்கா பிடிப்பதற்கும் இதே மாதிரி ஒரு விளக்கம் சொல்வார்கள். கால் கை பிடித்துக் காரியம் சாதிப்பதைச் சொன்ன "கால் கை பிடி" மருவித்தான் "காக்கா பிடி" ஆனது என்று. அது உண்மையானால் அங்கே ஒரு குதிரை காணாமல் போயிருக்கிறது, இங்கே ஒரு காக்கை புதிதாக வந்திருக்கிறது. சொல்பவர்களுக்குக் குதிரையும் தேவைப்படவில்லை, காலும் கையும் தேவைப்படவில்லை. தொடர் மட்டும் போதுமாக இருந்திருக்கிறது.

ஆக, மரபுத்தொடருக்குள் இருக்கும் படம் ஊருக்கு ஊர் மாறும், சில சமயம் அழிந்தே போகும். அது செய்யும் வேலைதான் நிலையாக நிற்கும்.

பிறந்த கதைகளை அப்படியே நம்பலாமா

படம் மறந்துபோன இடத்தில் கதைகள் முளைக்கும். "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்றால் கொட்டோ கொட்டென்று மழை பெய்வது. அந்தக் காலத்தில் கூரை வேய்ந்த வீடுகளின் மேல் நாயும் பூனையும் படுத்திருக்குமாம், மழையில் கூரை வழுக்கிக் கீழே விழுமாம், அதனால் இப்படி வந்ததாம். 1999-இல் மின்னஞ்சல் வழியாகப் பரவிய கட்டுக்கதைத் தொகுப்பில் இதுவும் ஒன்று. ஓலைக் கூரையோ வைக்கோல் கூரையோ பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர் யாரும் இதை நம்ப மாட்டார்கள். மழை பெய்தால் நாய் கூரைக்கு மேலேயா போய்ப் படுக்கும்? உண்மையில் 17-ஆம் நூற்றாண்டு நடுவிலேயே இதையொத்த தொடர்கள் எழுத்தில் இருக்கின்றன. இன்றைய வடிவத்தை ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் அச்சில் தந்தார். ஏன் நாயும் பூனையும் என்பதற்கு உறுதியான விடை இல்லை.

"ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்றால் எப்போதாவது ஒருமுறை. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியைத்தான் நீல நிலா என்பார்கள் என்று செய்திகளில் படிக்கிறோம். அந்த விளக்கம் 1946-இல் ஒரு வானியல் இதழில் வந்த தவறான கட்டுரையால் பரவியது. தொடரோ அதைவிடப் பழையது. நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்ததும் உண்டு. 1883-இல் கிராகடோவா எரிமலை வெடித்த பிறகு வானத்தில் பரவிய தூசியால் அப்படித் தெரிந்தது. நம்மிடம் இதே வேலைக்கு "அத்தி பூத்தாற்போல்" இருக்கிறது. அத்திப் பழத்தைப் பிளந்தால் உள்ளே இழை இழையாக நிறைந்திருப்பவைதான் அதன் பூக்கள். வெளியே பூவாகப் பூக்காததால் யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு நீல நிலாவைவிட இது அழகாகப் படுகிறது. தோட்டத்து மரத்தை உற்றுப் பார்த்தவர் யாரோ சொன்ன சொல்.

ஒரே படம், வேறு பொருள்

புரியாத தொடர்களில் பெரிய ஆபத்து இல்லை. புரிந்ததுபோல் தோன்றும் தொடர்களில்தான் ஆபத்து. தமிழில் "காலை வாரிவிட்டான்" என்றால் நம்பியவனைக் கவிழ்த்துவிட்டான். மலையாளத்தில் "காலுவாரல்" என்பதும் அதுவே, தேர்தல் நேரத்தில் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் சொல். இப்போது ஆங்கிலத்தில் ஒருவர் "ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்கிறார் என்று வையுங்கள். நம் காதில் உன் காலை வாரினேன் என்றுதான் விழும். அவர் சொன்னதோ சும்மா விளையாட்டுக்குக் கேலி செய்தேன் என்று. என் மாணவி ஒருத்தி அயல்நாட்டில் உடன் வேலை செய்யும் பெண்ணிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள், இந்த ஒரு வாக்கியத்துக்காக.

"பிளாக் ஷீப்" இன்னொன்று. குடும்பத்துக்கோ கூட்டத்துக்கோ கெட்ட பெயர் கொண்டுவருபவர் என்று பொருள். கறுப்பு ஆட்டின் கம்பளிக்குச் சாயம் ஏறாது, அதனால் விலை குறைவு. கம்பளி வியாபாரத்தில் வாழ்ந்த நாட்டுக்கு அது இயல்பான படம். நாம் "கறுப்பு ஆடு" என்று அப்படியே கொண்டுவந்துவிட்டோம். ஆனால் நம் காவல் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடும் கருங்கிடாய்க்கு இருக்கும் மதிப்பை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் பிறந்திருந்தால் அந்தத் தொடர் நேர் எதிராக வந்திருக்கும்.

ஆடு என்றதும் "ஸ்கேப்கோட்" நினைவுக்கு வருகிறது. 1530-இல் வில்லியம் டிண்டேல் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது உண்டாக்கிய சொல். லேவியராகமத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று பலியாகிறது. மற்றது மக்களின் பாவங்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. தப்பிப்போன இரண்டாவது ஆடுதான் ஸ்கேப்கோட். தமிழில் நாம் பலிகடா என்கிறோம். பொருள் சரியாகப் பொருந்துகிறது, பிறர் குற்றத்தைச் சுமப்பவர். ஆனால் நம் ஆடு வெட்டுப்பட்டது, அவர்களுடையது உயிரோடு காட்டுக்குப் போனது.

எல்லா இரவலும் தவறு என்று சொல்லவில்லை. முதலைக் கண்ணீர், சிவப்பு நாடா, வெள்ளை யானை எல்லாம் தமிழில் குடியேறிவிட்டன. பழையனூர் நீலியின் நீலிக்கண்ணீர் நம்மிடமே இருக்கும்போது முதலையை ஏன் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் என் ஆதங்கம்.

எந்த இடத்தில் சொல்லலாம்

இதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். பொருள் தெரிந்தால் போதாது, தொடரின் மரியாதையும் தெரிய வேண்டும். தமிழில் ஒருவர் இறந்ததை "காலமானார்" என்றும் சொல்லலாம், "மண்டையைப் போட்டுட்டான்" என்றும் சொல்லலாம். சேதி ஒன்றுதான். துக்க வீட்டு வாசலில் நின்று இரண்டாவதைச் சொல்லிப் பாருங்கள்.

போன வருடம் ஒரு நர்ஸ் பையன் அயல்நாட்டு மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டிய இரங்கல் செய்தியை என்னிடம் காட்டினான். அம்மாவை இழந்தவருக்கு நாலு வரி. நல்ல மனசோடு, கைப்பட ஒரு தாளில் எழுதியிருந்தான். இரண்டாவது வரியில் "கிக்ட் த பக்கெட்" என்று இருந்தது. இறப்பதைக் குறிக்கும் தொடர் என்று பட்டியல் ஒன்றில் மனப்பாடம் செய்தது. அது "மண்டையைப் போட்டுட்டாங்க" என்பதற்குச் சமம் என்று சொன்னதும் அவன் முகம் வெளிறிவிட்டது. "பாஸ்ட் அவே" என்று மாற்றினோம், நம் "காலமானார்" அதுதான். பட்டியல்கள் பொருளை மட்டும் தருகின்றன, இந்த வித்தியாசத்தைத் தருவதில்லை. அவற்றின் மேல் எனக்குக் கோபமே இதனால்தான்.

அதனால் தொடக்கத்தில் மரபுத்தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். எடுத்துப் பேச அவசரம் வேண்டாம். "அவசரம்" என்ற சொல்லே தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் பரபரப்பு. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு, ஒரு சொல்லைப் பிறர் வாயில் பத்து முறை கேட்ட பிறகு நாமும் சொல்லும் நிதானம் ஏற்கெனவே பழக்கம்தான்.

எங்கள் வகுப்பு நோட்டு

என் மாணவர்கள் நோட்டில் மூன்று பத்தி போட்டிருக்கிறார்கள். முதலில் ஆங்கிலத் தொடர். அடுத்தது அது எந்த நிலைமையில் காதில் விழுந்தது என்று ஒரு வரி. மூன்றாவதில் அதே வேலையைச் செய்யும் தமிழ்த் தொடர். அதே சொற்கள் வேண்டியதில்லை, அதே வேலை போதும். "கோல்ட் ஃபீட்" என்பதற்கு எதிரே கால் சில்லிட்டது என்று எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவேன். கடைசி நேரத்தில் ஜகா வாங்குவது என்று எழுதினால் சரி. "பீட் அரவுண்ட் த புஷ்", புதரைச் சுற்றித் தட்டிக்கொண்டே இருப்பது, நமக்குச் சுற்றி வளைத்துப் பேசுவது. வேட்டையில் பறவையைக் கிளப்பப் புதரைத் தட்டிய பழக்கத்திலிருந்து வந்தது அது.

மூன்றாவது பத்தி நிரம்பாவிட்டால் வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். போன வாரம் "பைட் த புல்லட்" வந்தது. தோட்டாவைக் கடிப்பது. தவிர்க்க முடியாத கஷ்டத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுச் செய்துவிடுவது. வகுப்பில் யாருக்கும் பொருத்தமான தமிழ் தோன்றவில்லை. மறுநாள் ஒரு பெண் நோட்டைக் கொண்டுவந்தாள். தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போகும் அவள் அம்மாவிடம், தோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் நிலைமையை மட்டும் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அம்மா கையை நிறுத்தாமலே பதில் சொன்னாராம். மூன்றாவது பத்தியில் அதை அவர் சொன்னபடியே எழுதியிருந்தாள்: "பல்லக் கடிச்சுக்கிட்டுச் செஞ்சு போடோணும் கண்ணு."